டவ்டெயிலுக்கு ரம்பம் வாங்குமுன் ஒரு முப்பட்டை அரம் வாங்குங்கள்

கேள்வி இதுதான்: "வார இறுதியில் தச்சு வேலை பழகுகிறேன். மா, தேக்குப் பலகைகளில் டிராயருக்கு டவ்டெயில் வெட்டுகிறேன். கையில் இருப்பது ஹார்டுவேர் கடையில் வாங்கிய 12 அங்குல டெனன் ரம்பம். எப்படி வெட்டினாலும் மூட்டில் சந்து விழுகிறது. ஜப்பான் ரம்பம் வாங்குவதா, பித்தளை முதுகு வைத்த இங்கிலீஷ் ரம்பம் வாங்குவதா? வாங்கினால் இது சரியாகிவிடுமா?"

புதியவர்களுக்கு ஒரு வரி: டவ்டெயில் என்பது புறா வால் வடிவில் வெட்டி இரண்டு பலகை முனைகளைக் கோர்க்கும் மூட்டு; டெனன் ரம்பம் என்பது தகட்டின் மேல் விளிம்பில் முதுகுப் பட்டை வைத்த மூட்டு ரம்பம். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பாதி சரியாகும். அந்தப் பாதியையும் பெரும்பாலும் உங்களிடம் இருக்கும் ரம்பத்திலிருந்தே எடுத்துவிடலாம்.

நானும் இதே இடத்தில் நின்றவன்தான். ஊருக்கு வந்த உறவினர் ஒருவர் கையில் சொல்லிவிட்டு, கனடாவிலிருந்து வெரிடாஸ் டவ்டெயில் ரம்பம் ஒன்றை வரவழைத்தேன். பிரித்த அன்றே ஒரு மூட்டு வெட்டினேன். சந்தில் விசிட்டிங் கார்டு தாராளமாக நுழைந்தது. ரம்பத்தில் ஒரு குறையும் இல்லை. கோடு போட்டது நான், நின்ற கோணம் என்னுடையது, கோட்டுக்கு எந்தப் பக்கம் வெட்டினேன் என்பதே எனக்கு ஞாபகம் இல்லை. அந்த வாரமே எங்கள் பக்கத்துப் பெரிய ஆசாரி ஒருவர், தரையில் உட்கார்ந்து பலகையைக் காலால் அணைத்துக்கொண்டு, பித்தளையும் இல்லாத பெருமையும் இல்லாத ஒரு பழைய முதுகு ரம்பத்தில் நாலு வால் வெட்டிக் காட்டினார். கொட்டாப்புளியால் ரெண்டு தட்டு, அவ்வளவுதான், மூட்டு உட்கார்ந்துவிட்டது. அந்த ரம்பத்தைக் கையில் வாங்கிப் பார்த்தேன். பற்கள் ஒவ்வொன்றும் அவர் கையால் அரம் போட்டவை. எனக்கு விஷயம் புரிந்தது அன்றைக்குத்தான்.

இந்த மூட்டு ரம்பத்திடம் என்ன கேட்கிறது என்று பார்ப்போம். டவ்டெயிலில் ஒரு பலகையின் முனையில் வால்கள், மற்றதன் முனையில் அவற்றுக்கு நடுவே நுழையும் முளைகள். இரண்டிலும் ரம்பம் போவது பலகையின் முனையிலிருந்து உள்ளே, இழையோட்டத்தின் நெடுக்கில். வாலில் லேசான சாய்வு உண்டு என்றாலும் அது நெடுக்கு வெட்டுதான். கடையில் கிடைக்கும் டெனன் ரம்பங்களில் பெரும்பாலானவை குறுக்கு வெட்டுக்குப் பல் வைத்தவை. குறுக்கு வெட்டுப் பல் கத்தி மாதிரி: இழையை இருபுறமும் கீறி அறுக்கும். நெடுக்கு வெட்டுப் பல் உளி மாதிரி: இழையின் முனையில் மோதிச் சிறு சுருளாக அள்ளி எடுக்கும். கத்திப் பல்லைக் கொண்டு நெடுக்கில் அறுத்தால் அது இழைக்கு நடுவே வழி தேடி அலையும், மெதுவாகப் போகும், நீங்கள் பொறுமையிழந்து அழுத்துவீர்கள். அழுத்தினால் கோடு போச்சு.

அடுத்தது செட். ரம்பப் பற்கள் ஒன்று விட்டு ஒன்றாக இடமும் வலமும் சாய்ந்திருக்கும். தகடு மரத்தில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க வெட்டு தகட்டைவிடக் கொஞ்சம் அகலமாக விழ வேண்டும் என்பதற்காகத்தான் அது. கடை ரம்பத்தில் இந்தச் சாய்வு தாராளமாக இருக்கும். ஈர மரம், சட்டம், பிளைவுட் என்று எதற்கும் போக வேண்டுமே. ஆனால் டவ்டெயில் வெட்டின் ஆழம் பலகையின் கனம் அளவுதான், முக்கால் அங்குலம் போனால் அதிகம். மரமும் காய்ந்தது. இங்கே அதிக செட் என்பது தொளதொளச் சட்டை மாதிரி. வெட்டுக்குள் தகடு இரண்டு பக்கமும் ஆடும். முதல் நாலு இழுப்பில் நேராகப் போன ரம்பம் பாதியில் திரும்புவது இதனால்தான்.

நல்ல டவ்டெயில் ரம்பம் என்று காசு கொடுத்து வாங்குவதில் இருப்பவை இவைதான்: அரை மில்லிமீட்டர் அல்லது அதற்கும் குறைவான தகடு, அங்குலத்துக்கு 14 முதல் 20 வரை பல், நெடுக்கு வெட்டுக்கு அரம் போட்ட பல், ஒரு பக்கத்துக்கு ஒரு தாளின் கனத்தைத் தாண்டாத செட், தகடு வளையாமல் பிடித்துக்கொள்ளக் கனமான முதுகு, நீளம் 8 முதல் 10 அங்குலம். இதில் தகடு, முதுகு இரண்டை மட்டும் நீங்கள் வீட்டில் மாற்ற முடியாது. மற்றதெல்லாம் அரத்தின் வேலை.

இந்த வடிவம் புதிதாகக் கண்டுபிடித்ததும் இல்லை. 1797 வாக்கில் பெஞ்சமின் சீட்டன் என்ற இளம் தச்சருக்கு அவருடைய தந்தை வாங்கிக் கொடுத்த கருவிகள், அவர் தாமே செய்துகொண்ட பெட்டியோடு, இங்கிலாந்தின் ரோச்செஸ்டர் கில்ட்ஹால் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அதில் உள்ள முதுகு ரம்பங்கள் ஷெஃபீல்டின் கென்யான் பட்டறைத் தயாரிப்பு. மெல்லிய தகடு, மேலே முதுகு, மூன்று விரல் நுழையும் மரக் கைப்பிடி. இன்று விற்கும் உயர்ந்த ரக ரம்பத்தை அதன் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி என்பீர்கள். நடுவில் மின்சாரக் கருவிகள் வந்து கைரம்பத்தின் தரம் சரிந்தது. 1990களில் அமெரிக்காவில் இண்டிபெண்டன்ஸ் டூல் என்ற சிறு நிறுவனம் பழைய ஷெஃபீல்டு பாணியில் நல்ல டவ்டெயில் ரம்பம் செய்யத் தொடங்கியது. அதை லீ-நீல்சன் என்ற அமெரிக்கக் கருவி நிறுவனம் பிறகு வாங்கிக்கொண்டது. இப்போது கிடைக்கும் விலை உயர்ந்த மேற்கத்திய ரம்பங்களில் பல பழையதை மீட்டெடுத்தவைதான்.

இப்போது உங்கள் டெனன் ரம்பத்தை எடுங்கள். பல் நுனிகள் மட்டும் கருநீலமாகத் தெரிந்தால் அவை மின்சாரத்தால் கெட்டிப்படுத்தப்பட்டவை. அரம் அதில் வழுக்கும், அரம்தான் கெடும். அந்த ரம்பத்தை பிளைவுட்டுக்கு வைத்துக்கொண்டு வேறு பாருங்கள். நிறம் ஒன்றுபோல இருந்தால் அரம் ஏறும். பிறகு ரம்பத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்து, பல் வரிசையை முனையிலிருந்து அடிவரை நூல் பிடித்த மாதிரி பாருங்கள். வளைவு தெரிந்தால் உடனே தூக்கிப் போட வேண்டாம். மடித்த முதுகு வைத்த ரம்பமாக இருந்தால், முதுகு தகட்டின் மேல் இறுகப் பிடித்துக்கொண்டிருக்கிறதே தவிர ஒட்டவைக்கப்படவில்லை. முனைப் பக்கம் முதுகைக் கொஞ்சம் மேலே தூக்கி, மரச் சுத்தியலால் மெல்லத் தட்டித் திரும்ப உட்கார வைத்தால் பல நேரம் தகடு நேராகிவிடும். தகடே மடங்கியிருந்தால் இது நடக்காது.

அரத்துக்கு வருவோம். கடையில் "ஸ்லிம் டேப்பர், 4 அங்குலம், ரம்பத்துக்கு" என்று கேளுங்கள். முப்பட்டை அரம், மூலை 60 டிகிரி. பல் சிறியதாக இருந்தால் இன்னும் மெல்லியதான எக்ஸ்ட்ரா ஸ்லிம் வேண்டும். பெரிய அரத்தின் மூலை மழுங்கலாக இருக்கும், சிறிய பல்லின் பள்ளத்தில் இறங்காது. கூடவே ஒரு தட்டை அரம், ஒரு கறுப்பு மார்க்கர், இரண்டு நேரான கட்டை. கட்டைகளுக்கு நடுவே ரம்பத்தை வைத்து, பற்கள் மட்டும் அரை அங்குலத்துக்குக் குறைவாக வெளியே தெரிய, வைஸில் இறுக்குங்கள். அதிகம் வெளியே நீட்டினால் கிறீச்சென்று பல் கூசும். அண்டை வீட்டுக்காரர்கள் வந்துவிடுவார்கள்.

முதலில் தட்டை அரத்தைப் பற்களின் மேல் ஒன்றிரண்டு தடவை நெடுக ஓட்டுங்கள். எல்லாப் பல் நுனியிலும் ஒரு சிறு பளபளப்புப் புள்ளி வர வேண்டும். உயரம் சமமாகிவிட்டது என்று அர்த்தம். பிறகு மார்க்கரால் பற்களைக் கறுப்பாக்குங்கள், எங்கே அரம் பட்டது எங்கே படவில்லை என்று அது காட்டும். முப்பட்டை அரத்தைத் தகட்டுக்குச் சரியான குறுக்காக, மட்டமாகப் பிடித்து, ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரே எண்ணிக்கையில் தள்ளுங்கள். முன்னால் மட்டும் தள்ளுங்கள், இழுக்கும்போது தூக்கிவிடுங்கள். குறுக்கு வெட்டுக்காகச் சாய்வாக அரம் போட்டிருந்த பல், இப்படி நேர்க்குறுக்காகப் போடப் போட உளிப் பல்லாக மாறும். பளபளப்புப் புள்ளி மறைந்த அந்த நொடி அந்தப் பல்லை விட்டுவிட வேண்டும். இன்னும் ஒரு தள்ளு என்றால் பல் குட்டையாகிவிடும்.

பல்லின் முன்முகம் எவ்வளவு நிமிர்ந்து நிற்க வேண்டும் என்பதில்தான் ரசனை இருக்கிறது. நேர்குத்தாக நின்றால் வேகமாகக் கடிக்கும், ஆனால் தொடங்கும்போது திக்கித் திக்கித் துள்ளும். பழகுகிறவருக்கு 8 டிகிரி அளவு பின்னால் சாய்த்து வையுங்கள். முனையில் முதல் ஒன்றரை அங்குலத்துக்கு 15 டிகிரிவரை சாய்த்தாலும் நல்லது, அந்த இடத்தில்தான் வெட்டைத் தொடங்குவீர்கள். கோணம் தவறாமல் இருக்க அரத்தின் நுனியில் ஒரு சிறு மரத்துண்டைத் துளையிட்டு வேண்டிய கோணத்தில் செருகிக்கொண்டு, அது மட்டமாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

செட்டைக் குறைக்க எனக்குப் பிடித்த வழி தாள் வழி. பல் வரிசையின் மேல் ஒரு எழுதுதாளை மடித்துப் போர்த்தி, மொழுமொழு இரும்பு வாயுள்ள வைஸில் பகுதி பகுதியாக இறுக்குங்கள். சாய்ந்த பற்கள் தாளின் கனம்வரை உள்ளே தள்ளப்படும், அதற்கு மேல் போகாது. இதை அரம் போடுவதற்கு முன்பே செய்யுங்கள், இல்லையென்றால் கூர் நசுங்கும். பிறகு ஒரு துண்டு மரத்தில் கையால் திருப்பாமல் வெட்டிப் பாருங்கள். ரம்பம் எப்போதும் வலப்புறமே ஒதுங்கினால் வலப்புறப் பற்களுக்குச் செட் கூடுதல் என்று அர்த்தம். கூர் தீட்டும் எண்ணெய்க் கல்லை வலப்பக்கப் பல் வரிசையின் பக்கவாட்டில் ஒரே ஒரு தடவை மெதுவாக இழுங்கள். திரும்ப வெட்டுங்கள். தேவைப்பட்டால் இன்னொரு தடவை. அவசரப்பட்டு நாலைந்து இழுப்பு இழுத்து, பிறகு மறுபக்கத்துக்கும் இழுத்து, கடைசியில் செட்டே இல்லாமல் ரம்பம் மரத்தில் சிக்கி நின்ற கதை என்னுடையது.

முதல் ரம்பம் அசிங்கமாகத்தான் வரும். ஒரு பல் பெரிதாக, ஒரு பல் சிறிதாக, கிழவர் பல் மாதிரி இருக்கும். ஆனாலும் புதிதாகக் கடையிலிருந்து வந்ததைவிட நன்றாக வெட்டும். இது மிகையில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும் புது ரம்பம் வேண்டும் என்றால், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். உங்கள் 12 அங்குலம் டவ்டெயிலுக்கு நீளம், தகடும் கனம். மெல்லிய முளை வேண்டும் என்றால் மெல்லிய தகடு வேண்டும்.

ஜப்பானிய தொசுகி ரம்பத்தில் தகடு 0.3 மில்லிமீட்டர் அளவுதான். இழுக்கும்போது வெட்டுவதால் தகடு நூல் மாதிரி விறைத்து நிற்கிறது, அதனால்தான் அவ்வளவு மெல்லியதாகச் செய்ய முடிகிறது. முதல் நாளே நேராக வெட்டும், அந்த மயக்கத்தில்தான் பலர் விழுகிறார்கள். எனக்கு இரண்டு தயக்கங்கள். முதலாவது மரம். அந்த நீண்ட ஊசிப் பற்கள் சுகி, ஹினோகி போன்ற மிருதுவான ஊசியிலை மரங்களோடு பிறந்து வளர்ந்தவை. நம்முடைய தேக்கில் மணல்சத்து உண்டு, எந்தக் கூரையும் தேய்க்கும். தோதகத்தி, கருவேலம் என்று போனால் அவசரமான ஒரு இழுப்பில் பல் நுனி ஒடிந்துவிடும். இரண்டாவது, மாற்றுத் தகடு போடும் ரகங்களில் பற்கள் கெட்டிப்படுத்தப்பட்டவை, அரம் ஏறாது. மழுங்கினால் தகட்டையே மாற்ற வேண்டும், அதற்கு மறுபடியும் இறக்குமதி. ஆனாலும் சில்வர் ஓக்கிலோ பைனிலோ சிறு பெட்டிகள் செய்கிறவர் என்றால் தாராளமாக வாங்குங்கள். வாங்கும்போது ததேபிகி, அதாவது நெடுக்கு வெட்டுக்கான பல், என்று பார்த்து வாங்குங்கள். தொசுகி என்று பொதுவாக விற்பவை பெரும்பாலும் யோகோபிகி, குறுக்கு வெட்டுக்கானவை. இன்னொன்று: இழுப்பு ரம்பம் மரத்தூளை உங்கள் பக்கமே கொண்டுவந்து கோட்டின் மேல் கொட்டும். ஊதிக்கொண்டே இருக்க வேண்டும்.

மேற்கத்திய ரகத்தில் வெரிடாஸின் முதுகு பித்தளை இல்லை, அச்சில் வார்த்த கலவை. பார்க்க விளையாட்டுச் சாமான் போலத் தோன்றும், வெட்டுவதில் குறையில்லை. 14 பல், 20 பல் என்று இரண்டு வருகிறது. முக்கால் அங்குல மா, தேக்குக்கு 14 எடுங்கள். 20 பல் அரை அங்குலத்துக்கும் கீழே உள்ள மெல்லிய பலகைக்கு. பல் அதிகம் இருந்தால் வெட்டு சுத்தம் என்று எல்லோரும் நினைக்கிறோம். பல் அதிகமானால் பள்ளம் சிறிதாகும், தூள் அடைத்துக்கொள்ளும், ரம்பம் மேலே மிதக்கும், வெட்டு நீண்டுகொண்டே போய் கோணும். லீ-நீல்சன் இதைவிடக் கணிசமாக விலை கூடியது, பித்தளை முதுகின் எடையே பாதி வேலையைச் செய்துவிடும். அதன் பல் மிக நிமிர்ந்து நிற்பதால் தொடங்கப் பழக்கம் வேண்டும். ஷெஃபீல்டின் தாமஸ் ஃப்ளின் இன்னும் பாக்ஸ் என்ற பெயரில் இந்த ரம்பங்களைச் செய்கிறது. இரும்புச் சந்தையில் பழைய டிஸ்டன், ஸ்பியர் அண்ட் ஜாக்சன் முதுகு ரம்பம் கண்ணில் பட்டால் துரு இருந்தாலும் எடுத்துவிடுங்கள், குழி விழுந்த துரு பல் வரிசை அருகில் இல்லாவிட்டால் போதும். உருண்டைக் கைப்பிடி வைத்த ஜென்ட்ஸ் ரம்பம் மலிவு. ஆனால் உருண்டைப் பிடி கைக்குள் உருளும், தகடு நேராக நிற்கிறதா சாய்ந்திருக்கிறதா என்று உள்ளங்கைக்குத் தெரியாது. முதல் ரம்பமாக அதை நான் சொல்ல மாட்டேன்.

எதை வாங்கினாலும் கைப்பிடியைப் பிடித்துப் பார்த்து வாங்குவது நல்லது. மூன்று விரல் உள்ளே, ஆள்காட்டி விரல் வெளியே தகட்டின் நெடுக்கில் நீண்டிருக்க வேண்டும். நாலு விரலையும் உள்ளே திணித்துப் பிடிப்பதால்தான் பலருக்கு மணிக்கட்டு திரும்புகிறது.

இப்போது வெட்டுவது. வாலை முதலில் வெட்டுங்கள், முளையைப் பிறகு. வாலின் சாய்வு, மிருதுவான மரத்துக்கு ஆறுக்கு ஒன்று, கெட்டி மரத்துக்கு எட்டுக்கு ஒன்று என்பார்கள். உண்மையில் அந்தச் சாய்வு கொஞ்சம் தவறினாலும் ஒன்றும் ஆகாது, வாலை வைத்துத்தானே முளையின் கோட்டைக் கீறப்போகிறீர்கள். தவறவே கூடாதது வேறு: பலகை முனையின் கனத்துக்குக் குறுக்கே வெட்டு சரியான செங்கோணமாக இருக்க வேண்டும். அது கோணினால் வால் முன்பக்கம் ஒரு அகலம், பின்பக்கம் ஒரு அகலம். சந்து அங்கேதான் பிறக்கிறது. முன்னால் மட்டும் பார்த்துக்கொண்டு வெட்டினால் இது தெரியவே தெரியாது.

பெரிய ஆசாரி எனக்குச் சொன்ன ஒரே பாடம்: "கையைத் திருப்பாத தம்பி, பலகையைத் திருப்பு." வைஸில் பலகையைச் சாய்த்துப் பிடித்து, வெட்ட வேண்டிய கோடு நேர்குத்தாக நிற்கும்படி வையுங்கள். ஒரு பக்கச் சாய்வுகளை எல்லாம் வெட்டி முடித்துவிட்டு, மறுபக்கம் சாய்த்து மீதியை வெட்டுங்கள். கை எப்போதும் செய்வதையே செய்யும். தோள், முழங்கை, ரம்பம் மூன்றும் ஒரே கோட்டில். பேனாவைப் பிடிக்கிற இறுக்கம் போதும்.

தொடங்கும்போது இடது கட்டைவிரல் நகத்தைத் தகட்டுக்கு வழிகாட்டியாக வைத்து, ரம்பத்தின் எடையைக் கையில் தூக்கிக்கொண்டு, பலகையின் மறுமூலையில் லேசாக ஒரு தள்ளு. பல் கோடு கிழித்துவிட்டால் மெல்ல மெல்ல இந்தப் பக்கம் இறக்குங்கள். முனை முழுதும் ஒரு சின்னத் தடம் விழுந்த பிறகு எடையை விடுங்கள், முழு நீளத்துக்கும் ஓட்டுங்கள். முதல் மூன்று தள்ளு எப்படிப் போனதோ மீதியும் அப்படித்தான் போகும். நடுவில் முறுக்கித் திருத்தப் பார்த்தால் வெட்டு வளையுமே தவிர நேராகாது. வெட்டு எப்போதும் கழித்து எறியப்போகிற பக்கத்தில் விழ வேண்டும், கோட்டில் பாதி உங்கள் பக்கம் மிச்சம் இருக்க வேண்டும். எறியப்போகிற பக்கத்துக்கெல்லாம் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுவிடுங்கள். நான் இன்னும் போடுகிறேன்.

முளைக்கான கோட்டைப் பென்சிலால் எடுக்காதீர்கள். பென்சில் கோட்டுக்கு அகலம் உண்டு, அந்த அகலமே உங்கள் சந்து. கூரான கத்தி நுனியால் வாலை ஒட்டிக் கீறுங்கள். மாவில் கீறல் தெரியாவிட்டால் சாக்பீஸ் பொடியைத் தேய்த்தால் வெள்ளையாக எழுந்து வரும். முளையில் சாய்வும் செங்கோணமும் இரண்டும் சரியாக விழ வேண்டும், இங்கே சலுகை இல்லை.

மூட்டு வெட்டுமுன் ஒரு வாரம் இதை மட்டும் செய்யுங்கள். வீணான பலகை முனையில் 5 மில்லிமீட்டர் இடைவெளியில் முப்பது கோடு போட்டு, வரிசையாக வெட்டுங்கள். பிறகு அந்த முனையை அறுத்தெடுத்து உள்பக்கத்திலிருந்து பாருங்கள். எத்தனையாவது வெட்டிலிருந்து நேராகிறது, எந்தப் பக்கம் சாய்கிறது என்று பலகையே சொல்லும். ஒரே பக்கம் சாய்ந்தால் ரம்பமோ நிற்கிற விதமோ காரணம். ரம்பத்தை நேராக்கிவிட்டோம், ஆகவே கால் வைக்கும் இடத்தை மாற்றிப் பாருங்கள். இரண்டு பக்கமும் மாறி மாறிச் சாய்ந்தால் அழுத்துகிறீர்கள்.

வெட்டு இறுக்கமாகப் போனால் தகட்டில் மெழுகுவர்த்தியைத் தேயுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பாலிஷ் ஏறாது. வேலை முடிந்ததும் தையல் மெஷின் எண்ணெயில் நனைத்த துணியால் ஒரு துடைப்பு. கடலோர ஊர் என்றால் இதைத் தவறவிட்டால் மறுநாளே கைரேகை துருவாகத் தெரியும். பல் வரிசைக்கு நீளவாக்கில் பிளந்த ஒரு பிளாஸ்டிக் குழாயை உறையாகப் போட்டுவிடுங்கள்.

அரம் போட்டுப் பார்த்துவிட்டு, முப்பது வெட்டு வெட்டிய அந்த முனையைப் படமெடுத்து அனுப்புங்கள். அதைப் பார்த்தால் நீங்கள் ரம்பம் வாங்க வேண்டுமா, வைஸின் உயரத்தை மாற்ற வேண்டுமா என்று சொல்லிவிடலாம்.